ஏழாம் நம்பரின் சீட்டு

மச்சானின் சீட்டைக் கிழிப்பதற்காக நிபுணர் அன்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். வாசலில் மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள். தம்பி இப்போதுதான் வாடகைக்கு வீடு பிடித்திருக்கிறான், அவன் பெண்டாட்டி மாசமாக இருக்கிறாள், பாவம், விட்டுவிடுங்கள் என்றாள். சட்டை கசங்குகிறது என்றார் நிபுணர்.

அவரை நிபுணர் என்று முதலில் அழைத்தவர் அவரேதான். அறைக் கதவிலும் அப்படியே எழுதி மாட்டியிருந்தார்.

ஆங்கில வாக்கியங்களைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கும் கம்பெனி அது. 'ஒவ்வொரு காவலாளியிடமும் ஒரு சாவி இருந்தது' என்று ஆங்கிலத்தில் வந்தால் கம்ப்யூட்டர் திருதிருவென்று முழிக்கும். எல்லாரும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்ட ஒரே சாவியா, ஆளுக்கொரு சாவியா? 'மூன்று பேர் ஒரு சோபாவைத் தூக்கினார்கள்' என்றால் சேர்ந்து ஒரே தடவையா, தனித்தனியாக மூன்று தடவையா? இப்படி ஆயிரக்கணக்கான வாக்கியங்களுக்கு மனிதர்கள் விடை குறித்துக் கொடுத்தால், அதைப் பார்த்துக் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளும்.

இந்த மகத்தான பணியைத்தான் போன மாதம் மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் மச்சான் வேறு மாதிரி விளக்கிவிட்டான். "மாமா கம்ப்யூட்டருக்கு 'ஒரு'ன்னா என்ன, 'எல்லாம்'னா என்னன்னு சொல்லித்தர்றாரு. ஒண்ணாங்கிளாஸ் வாத்தியார் வேலைதான், சம்பளம் மட்டும் ஜாஸ்தி." இத்தனைக்கும் அவனும் அதே கம்பெனியில் அதே வேலையைச் செய்கிறவன். மேஜையே சிரித்தது. மாமியாருக்குப் புரையேறிவிட்டது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது மனைவி.

அன்றிலிருந்து நிபுணருக்குச் சோறு இறங்கவில்லை. பழிவாங்க ஒரு பிடி வேண்டியிருந்தது. அது தானாகவே வந்து கையில் விழுந்தது.

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இரண்டு விடைகள் வாங்கி ஒப்பிட்டுப் பார்ப்பது அங்கே வழக்கம். எது யாருடைய விடை என்று தெரியாமலிருக்கப் பெயருக்குப் பதில் நம்பர் போடுவார்கள். சுற்றுக்குச் சுற்று நம்பர் மாறும். இந்தச் சுற்றில் நிபுணரின் விடைகளுக்கு எதிரே நின்றது ஏழாம் நம்பர்.

பாதிக்குப் பாதி இடித்தது. அவர் ஆளுக்கொரு சாவி கொடுத்த இடத்தில் ஏழு ஒரே சாவியைக் கொடுத்திருந்தது. அவர் சோபாவை ஒரு தடவை தூக்கினால் ஏழு மூன்று தடவை தூக்கியது. போதாக்குறைக்கு ஓரத்தில் குறிப்பு வேறு: 'இதில் ஐயம் கொள்வோர் இத்துறைக்கு ஏற்றவரல்லர்.'

தன்னை இப்படி நக்கலடிக்கிற தைரியம் ஒருத்தனுக்குத்தான் உண்டு என்று நிபுணர் முடிவு கட்டினார். குறிப்பை மனைவியிடம் ஒப்பித்தபோது, என் தம்பிக்கு இவ்வளவு பெரிய வார்த்தையெல்லாம் வராதே என்றாள் அவள். அதற்குத்தான் அகராதி இருக்கிறது என்று அவள் வாயை அடைத்துவிட்டார்.

புதுச் சட்டையோடு வந்து நின்ற நிபுணர் சொன்னதையெல்லாம் மேனேஜர் அம்மா பொறுமையாகக் கேட்டார். அவருடைய ஆங்கிலத்தை நிபுணர் பெரிய அதிகாரிகள் முன்னால் இரண்டு முறை திருத்தியிருக்கிறார்; இரண்டாவது முறை தப்பாக. அதையெல்லாம் அந்த அம்மா மறந்துவிட்டதாகவே நிபுணர் நினைத்திருந்தார்.

ஏழாம் நம்பருக்கு மொழி தெரியாது, பொது அறிவு கிடையாது, திமிருக்கு மட்டும் குறைச்சல் இல்லை, இந்த ஆள் இருக்கும்வரை கம்ப்யூட்டர் உருப்படாது என்று நிபுணர் அடுக்கினார். மச்சான் என்ற பேச்சையே எடுக்கவில்லை. அந்தப் பெருந்தன்மை அவருக்கே ரொம்பப் பிடித்திருந்தது.

"வேற வேலைக்கு மாத்திப் பார்க்கலாமே சார்?" என்றார் மேனேஜர்.

"எந்த வேலைக்கும் லாயக்கில்ல மேடம்."

ஒரு மாதம் அவகாசம் கொடுக்கலாமா என்று மேனேஜர் கேட்டார். ஒரு நாள்கூடக் கூடாது என்றார் நிபுணர். குடும்பம் குட்டி இருக்குமே என்றார் மேனேஜர். குடும்பம் இருப்பவன் அதை முன்பே யோசித்திருக்க வேண்டும் என்றார் நிபுணர். சொல்லும்போதே மாமனார் வீட்டு மேஜை அவர் கண்முன் வந்தது. அதைச் சுற்றி இப்போது ஒரு பல்லும் வெளியே தெரியவில்லை.

"அப்புறம் மனசு மாறிட மாட்டீங்களே?"

நிபுணர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு பேசற ஆள் நான் இல்ல."

மேனேஜர் போனை எடுத்து, ஏழாம் நம்பரின் கணக்கை இன்றோடு முடித்துவிடச் சொன்னார். காரணம் கேட்டார்கள் போலிருக்கிறது. நிபுணரின் சிபாரிசு என்று சொல்லிவிட்டு வைத்தார்.

நிபுணர் கண்ணாடித் தடுப்புக்குப் பக்கத்தில் போய் வசதியாக நின்றுகொண்டார். பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறும் மச்சானின் முதுகைப் பார்க்க வேண்டும் என்பது ஒரு மாதத்து ஆசை. மச்சானோ பிஸ்கட்டை டீயில் நனைத்து, அது உடைந்து உள்ளே விழுந்துவிடாமல் வாய்க்குக் கொண்டுபோவதில் மும்முரமாக இருந்தான்.

"இன்னும் உட்கார்ந்திருக்கானே மேடம்?"

"யாரு, உங்க மச்சானா? அவரு ஏன் எழுந்திரிக்கணும்?"

பிறகு மேனேஜர் நிதானமாக விளக்கினார். ஒரே ஆள் எப்போதும் ஒரே விடையைத்தான் சொல்கிறாரா என்று பார்க்க, இந்தச் சுற்றில் ஒரு சோதனை வைத்தார்களாம். ஒருவர் போன வருஷம் பார்த்த வாக்கியங்களையே மறுபடியும் அவரிடம் கொடுத்தார்களாம். அவருடைய பழைய விடைகளுக்குத்தான் ஏழு என்று நம்பர் போட்டார்களாம்.

சொல்லிவிட்டுக் கையை நீட்டினார்.

"உங்க ஐடி கார்டைக் கொடுங்க சார்."