மாற்றுச் சேலை

மலையிறங்கும் பைக்கில் வீரணனுக்குப் பின்னால் தவசி உட்கார்ந்திருந்தான். சிறு வயதிலிருந்தே கூட்டாளி. வீரணனின் தங்கையைக் கட்டிய பிறகு மாப்பிள்ளை. அந்தத் தங்கை அடிவாரத்து ஆஸ்பத்திரியில் தாடை உடைந்து கிடந்தாள். வழுக்கி விழுந்துவிட்டாள் என்று தவசி ஊரெல்லாம் சொல்லியிருந்தான். அவள் கழுத்தில் கன்றிப்போயிருந்த ஐந்து விரல் தடங்களையும் வீரணன் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

பதினோராவது வளைவில் தடுப்புச்சுவர் இடிந்து கிடக்கிறது. அங்கே பைக்கை நேராக விட்டுவிட்டு வீரணன் மட்டும் குதித்துவிட வேண்டும். ஒன்பதாவது வளைவில் வண்டியை நிறுத்தி, செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டினான்.

“எதுக்கு மச்சான்?”

“வழுக்குது மாப்ள. பிரேக் மிதிக்கணும்ல.”

தவசி கொஞ்ச நேரம் அந்தச் செருப்பையே பார்த்தான். பிறகு, “எனக்குக் கண்ணு சொக்குது, விழுந்துருவேன்” என்று சொல்லி, அவளுக்குக் கொண்டுபோன மாற்றுச் சேலையைப் பையிலிருந்து உருவினான். போன பொங்கலுக்கு வீரணன் எடுத்துக்கொடுத்த சேலை. இருவர் இடுப்பையும் சேர்த்து இரண்டு சுற்றுச் சுற்றி, வீரணனின் வயிற்றில் முடிச்சுப் போட்டு, மூச்சு முட்ட இறுக்கினான்.

“இப்பப் போ மச்சான்.”

பிடரியில் தவசியின் மூச்சு சூடாக அடித்தது. தூங்குகிறவனின் மூச்சாக அது இல்லை. பத்தாவது வளைவு தாண்டியதும் வீரணன் ஒரு கையால் முடிச்சைத் தொட்டுப் பார்த்தான். சேலையில் தங்கையின் மஞ்சள் வாசம் இருந்தது. இடிந்த சுவர் கண்ணில் பட்டதும், பிரேக்கிலிருந்து வெறுங்காலை எடுத்தான்.