தீட்டாத முதுகு

சீருடைப் படப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து, ஈயச் சிப்பாயின் சட்டையைக் கடைசிப் பொத்தான்வரை பிசகாமல் தீட்டி முடித்தது தூரிகை. சிப்பாய் பூரித்துப்போனான்.

"அண்ணே, முதுகு?"

"படத்துல முன்பக்கம்தான்டா இருக்கு. பார்க்காததை நான் தீட்ட மாட்டேன்."

"குத்துமதிப்பா ஏதாவது பூசிவிடேன்பா," என்று புத்தகமே கெஞ்சியது. தூரிகை மசியவில்லை.

மறுநாள் மேசைமேல் போர் விளையாட்டு. பகடை பாதகமாக விழுந்ததும், முழுசாகச் சாயம் பூசிய மற்ற சிப்பாய்கள் திரும்பி ஓடினார்கள். இவனும் ஓடத்தான் பார்த்தான். ஆனால் திரும்பினால் வெறும் ஈயம் எல்லார் கண்ணிலும் பட்டுவிடுமே! பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயே நின்றான்.

எதிரித் தளபதி அசந்துபோய் வணக்கம் வைத்தான். "யாரப்பா உனக்கு இவ்வளவு துணிச்சல் கொடுத்தது?"

"எங்க தூரிகை அண்ணன்தான்," என்றான் சிப்பாய், திரும்பாமலே.