லேப் வேண்டாம் உங்களுக்கு

"இவங்களுக்கு லேப் வேண்டாம் சார். கை நடுங்குது. பியூரெட்டைப் பிடிக்கவே இன்னும் சரியா வரலை."

அத்தனை பேர் எதிரில் வேதியியல் துறைத் தலைவி இப்படிப் போட்டு உடைத்ததும், முகக்கவசத்துக்குள் இளைய ஆசிரியையின் முகம் சிவந்துபோனது.

கல்லூரியைத் திறக்கலாம் என்று உத்தரவு வந்து, இந்தப் பருவத்தை எப்படி நடத்துவது என்று முடிவு செய்யக் கூடிய கூட்டம் அது. ஆளுக்கொரு மூலையில் நாற்காலி. தொற்று இன்னும் ஓய்ந்தபாடில்லை. பாடமெல்லாம் ஆன்லைனிலேயே நடக்கட்டும், செய்முறை வகுப்பையும் வீடியோவில் காட்டிவிடலாம் என்று முதல்வர் சுலபமாக ஒரு வழி சொன்னார்.

துறைத் தலைவி மசியவில்லை. மாணவர்கள் அவருக்கு 'ஆசிட் மேடம்' என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்?

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது சார். கடைசி வருஷப் பிள்ளைங்க. நாளைக்கு வேலைக்குப் போற இடத்துல செஞ்சு காட்டச் சொன்னா, வீடியோவுல பார்த்தேன்னா சொல்லுவாங்க?"

எல்லாவற்றையும் யோசித்து வைத்துக்கொண்டுதான் வந்திருந்தார். மேசைக்கு ஒருவர். ஜன்னல்கள் திறந்தே இருக்கும். வாயால் உறிஞ்சி அளக்கிற பிப்பெட்டுக்கு இந்தப் பருவம் முழுக்க விடுமுறை. எல்லாக் கரைசலையும், அடியில் திருகினால் சொட்டுகிற பியூரெட்டிலேயே அளந்துகொள்ளலாம். வகுப்பைச் சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்து, ஒரே சோதனையைத் திரும்பத் திரும்ப நடத்தினால் போதும்.

அத்தனை குழுவையும் யார் நடத்துவது என்று முதல்வர் கேட்டார். "நான்தான்" என்றார் ஆசிட் மேடம்.

ஓய்வு பெறப்போகிற வயதில் இது தேவையா என்று எல்லாருக்கும் தோன்றியது. பாதியை இளைய ஆசிரியையிடம் கொடுங்களேன் என்று முதல்வர் கெஞ்சாத குறையாகச் சொன்னார். அப்போதுதான் அந்தக் கை நடுக்கப் பேச்சு வந்தது. ஆன்லைன் வகுப்பு அத்தனையையும் அவள் தலையில் கட்டுங்கள், வீட்டிலிருந்தே கத்திக்கொண்டிருக்கட்டும், அதற்கும் ஆள் வேண்டுமே என்று மேடம் பேச்சை முடித்துவிட்டார்.

வெளியே வந்ததும் இயற்பியல் ஆசிரியர் உச்சுக்கொட்டினார். பேர் வாங்குகிற வேலை அந்த அம்மாவுக்கு, தொண்டை கிழிகிற வேலை உனக்கு; கூட இருக்கிற சின்னப் பெண் தலையெடுத்தால் சில பேருக்குப் பொறுக்காது என்று எரிகிற தீயில் எண்ணெயும் வார்த்துவிட்டுப் போனார்.

இளைய ஆசிரியைக்கு அவமானத்தைவிடப் பயம்தான் அதிகம். அவள் ஒப்பந்த வேலையில் இருப்பவள். நேரில் வர முடியாது என்று சலுகை கேட்கிற ஒப்பந்தக்காரர்களுக்கு அடுத்த பருவம் வேலை கிடையாது என்று நிர்வாகம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. சலுகை கேட்டவர்களுக்கே அந்தக் கதி என்றால், லேபுக்கு லாயக்கில்லை என்று பெயர் வாங்கியவளை யார் வைத்துக்கொள்வார்கள்? கணவன் ஆபரேஷனுக்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை. வீடு ஓடுவதே அவள் சம்பளத்தில்தான்.

விடக்கூடாது என்று முடிவு செய்தாள்.

மறுநாள் காலை நேராக லேபுக்குப் போனாள். ஆசிட் மேடம் தனியாக ஒவ்வொரு மேசையிலும் ஒரு ஸ்டாண்டை நிறுத்திக்கொண்டிருந்தார். இவள் வணக்கம்கூடச் சொல்லவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு, பியூரெட்டைக் கழுவி, கரைசலை நிரப்பி, சொட்டுச் சொட்டாக விட்டாள். சரியான இடத்தில் நிறுத்தினாள். குடுவையில் இருந்ததா இல்லையா என்கிற மாதிரி ஒரு வெளிர் சிவப்பு. ஒரு சொட்டு அதிகமாகியிருந்தாலும் அடர்த்தியாகிக் காட்டிக்கொடுத்திருக்கும். அதையே இன்னொரு முறையும் செய்தாள். அதே அளவு, அதே நிறம்.

"பாருங்க மேடம். நடுங்குதா?"

ஆசிட் மேடம் எட்ட நின்றே குனிந்து பார்த்தார்.

"இல்லையே. இன்டர்வியூவுல செஞ்சு காட்டினப்பவே பார்த்தேனே, அப்பவும் நடுங்கலை."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க? எனக்கும் ஒரு பேட்ச் கொடுங்க. இல்லேன்னா காரணத்தைச் சொல்லுங்க. நான் போக மாட்டேன்."

மேடம் பக்கத்து ஜன்னலையும் திறந்துவிட்டார்.

"வேற என்ன சொல்றது? வீட்டு நிலைமை சரியில்லைன்னு சொன்னா உன் வேலை போயிடும். கை சரியில்லைன்னு சொன்னா லேப் மட்டும்தான் போகும். ஒப்பந்தத்தைப் பத்திக் கவலைப்படாதே. உன்னைப் பத்தி எழுதிக் கொடுக்கிறவ நான்தான்."

யார் சொன்னது என்று இளைய ஆசிரியை கேட்டாள்.

"யாரும் சொல்லலை. ஆன்லைன் மீட்டிங் நடக்கும்போது உன் பின்னாடி உன் வீட்டுக்காரர் போவார், வருவார். சொந்த வீட்டுக்குள்ளேயே மாஸ்க் போட்டுக்கிட்டு."

கணவனுக்குச் சிறுநீரகம் மாற்றி வைத்திருப்பதையும், சின்னச் சளி பிடித்தால்கூட உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் எச்சரித்திருப்பதையும் இத்தனை நாள் கல்லூரியில் ஒருவரிடமும் அவள் மூச்சு விட்டதில்லை. வீட்டுக்குப் போனதும் குளித்துவிட்டுத் தனியாகப் படுத்தால் போதும் என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டுதான் லேபுக்குத் தயாராகியிருந்தாள். இப்போது அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"மேடம், அவருக்கு..." என்று ஆரம்பித்தாள்.

ஆசிட் மேடம் கையை உயர்த்தித் தடுத்தார்.

"சொல்லாதேம்மா. எனக்குத் தெரிஞ்சுட்டா ஆபீசுக்குச் சொல்லியாகணும். வீட்டுக்குக் கிளம்பு."