கறுப்பு முனைக் கடிதம்

"அத உள்ள கொண்டு வராதீங்க! வாசல்லயே நில்லுங்க!"

மனைவி செண்பகவல்லி போட்ட சத்தத்தில் தளவாய் அப்படியே நின்றார். தபால்காரர் இப்போதுதான் கொடுத்துவிட்டுப் போன கவர் அவர் கையில் இருந்தது. நான்கு முனையிலும் கறுப்பு மை. சாவுச் செய்தி. இங்கிலீஷில் விலாசம், அனுப்பியவர் பெயர் இல்லை. ஆனால் முத்திரை ஊர் முத்திரை.

ஊரில் அவருக்கென்று இருந்தது ஒரே தம்பி, பூலோகம்.

சத்தம் கேட்டுப் பக்கத்துப் பட்டறை நாகூர் மீரான் ஓடிவந்தார். "என்ன அண்ணாச்சி?"

தளவாய் கவரைக் காட்டினார். தாராவித் தோல் ஷெட்டில் நாற்பது பேரை அதட்டி வேலை வாங்கும் மேஸ்திரி, அதைப் பிரிக்காமல் விரல் நுனியில் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் கோயில் கொடைக்கு ஊருக்குப் போயிருந்தார். "தோலு ஊறப்போடுறவனுக்குப் பரிவட்டம் கேக்குதோ?" என்று நாலு பேர் முன்னால் கேட்டான் பூலோகம். வார்த்தை ஒன்றுதான். அது தளவாய் செத்தாலும் ஆறாது. "இனி உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்லே" என்று பம்பாய்க்கு ரயில் ஏறியவர், பத்து வருஷம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

"கூடப்பொறந்தவன் சொன்னத இத்தன வருசம் சொமந்தீங்களே," செண்பகவல்லி மூக்கைச் சிந்தினாள். "இப்ப யாருகிட்ட வீம்பு காட்டுவீங்க?"

"ஏட்டி, சும்மா கெட." குரலில் முறுக்கு இல்லை. "என்னைவிட ஆறு வயசு சின்னப்பய. எனக்கு முந்தி அவன் எப்படிப் போவான்?"

"இப்பவாவது போவீங்களா, இல்ல அதுக்கும் ரோசமா?"

"போகாம? ரோசம்லாம் உசிரோட இருக்கவன்கிட்டதான். மொகத்தப் பாக்க முடியாது, பதினாறுக்காவது போய் நிக்கணும். மீரான், தாதர்ல மெட்ராஸ் வண்டிக்கு டிக்கெட் கெடைக்குமா பாரு."

"என்னைக்குப் போனாருன்னு தெரியணும்லா? மொதல்ல பிரிங்க."

"கை ஓடலப்பா. நீயே படி."

மீரான் கவரைக் கிழித்தார். இரண்டு வரி ஓட்டினார். கடைசிக்குத் தாவினார். மறுபடி மேலே வந்தார்.

"மதினி, அழுகைய நிறுத்துங்க. அண்ணாச்சி, இதுல கையெழுத்துப் போட்டிருக்கதே பூலோகம்தான்!"

தளவாய் வாசற்படியில் பொத்தென்று உட்கார்ந்தார். "இருக்கானா?" என்றார். மூச்சு விட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். உடனே மீசை ஏறியது. "அந்த நாறப்பயலுக்கு எங்கிட்டயா வெளையாட்டு? என்ன எழுதியிருக்கான், படி!"

மீரான் சிரிப்பை அடக்கிக்கொண்டு படித்தார்:

"அண்ணனுக்கு வணக்கம். ஆவணி இருபதாம் தேதி என் மகளுக்குக் கல்யாணம். பெரியப்பா கையால் தாலி எடுத்துக்கொடுத்தால்தான் கழுத்தை நீட்டுவேன் என்கிறாள். மஞ்சள் தடவி மூன்று கடிதம் போட்டேன். மூன்றையும் பிரிக்காமலே திருப்பிவிட்டீர்கள், அதனால்தான் இதற்குக் கறுப்பைத் தடவினேன்."