பஞ்சுப் பனி

“ஏலே, ஆடாம நில்லு! கால்ல பலகையக் கட்டவா, ஒன்னயக் கட்டவா?”

இராமச்சந்திரன் கத்தினான். அவன் மகன் ஆறு வயது சோலைச்சாமி ஒரு பலகையில் ஏறினால் மறு பலகையிலிருந்து இறங்கினான். கம்பளிச் சட்டை, குரங்குக் குல்லாய், கையுறை. பங்குனி வெயிலில், கோவில்பட்டியில், தகரக் கூரை போட்ட ஸ்டுடியோவுக்குள் இத்தனையையும் மாட்டிவிட்டால் பிள்ளை பாவம் நெளியத்தான் செய்வான். மகள் எட்டு வயது சொர்ணத்தாய் மட்டும் சமர்த்தாக நின்றாள்.

“இது என்ன வேசம் அண்ணாச்சி?” என்றார் ஸ்டுடியோக்காரர் பூவனநாதன்.

“பள்ளிக்கூடத்துல மாறுவேடப் போட்டி. பனியில சறுக்குத பிள்ளைக.”

“நம்ம ஊரு வெயிலுக்கு ஏத்த வேசம்தான்!” பூவனநாதன் சிரித்துக்கொண்டே பனிமலைத் திரையை இறக்கிவிட்டு, கேமராவுக்கு ஃபிலிம் போட உள்ளே போனார்.

மாறுவேடம் என்றது பொய். ஒரு பொய்யா, எட்டு மாதமாக அடுக்கிக்கொண்டே வந்த பொய்!

கனடாவில் வேலை என்று பம்பாய் ஏஜெண்டு ஒருவன் சொன்னதை நம்பிக் குடும்பத்தோடு புறப்பட்டுப் போனவன் இராமச்சந்திரன். பயணச் செலவுக்கு நாகலாபுரத்தில் தன் பங்குக் கரிசல் நிலத்தை விற்றுக் கொடுத்தவர் மச்சான் கருத்தையா. பம்பாயில் போய் இறங்கினால் ஏஜெண்டு கம்பி நீட்டியிருந்தான். எந்த முகத்தோடு ஊர் திரும்புவது? கோவில்பட்டியில் ஒதுக்குப்புறமாக ஒரு வீடு பிடித்து, தீப்பெட்டி ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்துகொண்டான். நிஜமாகவே கனடாவில் இருக்கும் கூட்டாளிக்குக் கடிதம் எழுதி அனுப்புவான். கூட்டாளி அதற்கு அந்த ஊர்த் தபால்தலை ஒட்டி நாகலாபுரத்துக்கு அனுப்புவான். பதிலும் அதே வழியில் சுற்றிக்கொண்டு வந்து சேரும்.

கடிதம் எழுதுகிறவன் நலம், நலமறிய ஆவல் என்று நிறுத்தக் கூடாதா? ‘இங்கே நடக்கப் பழகியதுமே பிள்ளைகளைப் பனிச்சறுக்குப் பலகையில் ஏற்றிவிடுகிறார்கள். நம் பிள்ளைகளும் பழகுகிறார்கள்’ என்று பத்திரிகையில் படித்ததை அள்ளிவிட்டான். கருத்தையாவிடமிருந்து பதில் வந்தது: ‘பிள்ளைகள் சறுக்குகிற மாதிரி ஒரு போட்டோ அனுப்பவும். சீக்கிரம்.’

போயிற்று தூக்கம். நாலு நாளாக நாயாய் அலைந்தான். தீப்பெட்டி பண்டல் அடிக்கிற பெட்டியை உடைத்துப் பலகை. மூங்கிலில் கம்பு. வளர்கிற பிள்ளை என்று மனைவி வேலுத்தாய் ரெண்டு சைஸ் கூட்டி வாங்கிய கேன்வாஸ் ஷூவுக்குள் கந்தைத் துணி.

“எங்கண்ணன் கண்டுபிடிச்சிட்டா என்னங்க செய்ய?” வேலுத்தாய் தரையில் பஞ்சைப் பரப்பிக்கொண்டே கேட்டாள். மில்லிலிருந்து கெஞ்சி வாங்கி வந்த பஞ்சு. அதுதான் பனி.

“வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரிட்டி.”

“எனக்கு இந்தப் பாடு வேண்டாம். நேரா நாகலாபுரம் போயி அண்ணன் கால்ல விழுந்திருவோம்.”

“விழுந்தா நெலம் திரும்ப வந்திருமா? மருமக்க பெரிய ஆளா வருவாகன்னுதான வித்தாவ! அவிய மூஞ்சியில நான் எப்பிடி முழிப்பேன்? இந்தப் படம் மட்டும் சரியா வரலை, அதோட நான் தொலைஞ்சேன்.” பலகைக் கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினான்.

பூவனநாதன் கேமராவோடு வந்தார். சோலைச்சாமியின் வேர்த்த முகத்தில் பஞ்சு ஒட்டிக்கொண்டு தாடி முளைத்திருந்தது. வேலுத்தாய் ஓடிப்போய் முந்தானையால் துடைத்தாள். பயல் ஒரு தும்மல் போட்டான். பஞ்சு மறுபடியும் பறந்தது. இராமச்சந்திரனுக்கு அழுகையே வந்துவிட்டது.

“ரெண்டு பேரும் கம்ப நேராப் பிடிங்க. நெஞ்ச நிமித்தி நில்லுங்க!” என்றான் பிள்ளைகளிடம்.

“இல்லப்பா,” என்றாள் சொர்ணத்தாய். “நிமிந்து நின்னா விழுந்திருவோம். முட்டிய மடக்கி முன்னால சாயணும். இந்தக் கால் முன்ன போனா அந்தக் கைக் கம்பு முன்ன வரணும்.”

சொல்லிவிட்டுச் செய்தும் காட்டினாள். அதுவரை நெளிந்துகொண்டிருந்த சோலைச்சாமியும் அப்படியே முட்டியை மடக்கிச் சாய்ந்தான். பத்திரிகையில் பார்த்த படமேதான்!

“அடி சக்கை!” பூவனநாதன் சடசடவென்று மூன்று படம் எடுத்துவிட்டு உள்ளே போனார்.

“ஏட்டி, ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?”

சொர்ணத்தாய் நாக்கைக் கடித்துக்கொண்டாள். தம்பிதான் குல்லாயைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சொன்னான். “மாமா!”

“எந்த மாமா?”

“நாகலாபுரத்து மாமா. பருத்தி மார்க்கெட்டுக்கு வாரப்பல்லாம் பள்ளிக்கூடத்துக்கு வருவாவ. ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னாவ.”

வேலுத்தாய் அப்படியே பஞ்சின் மேல் உட்கார்ந்துவிட்டாள். இராமச்சந்திரன் மகள் பக்கம் குனிந்தான்.

“வந்து... என்ன சொன்னாவ?”

சொர்ணத்தாய் தயங்கித் தயங்கிச் சொன்னாள். “ஒங்களக் கோயில்பட்டியில பாத்ததா ஊர்ல பேசுதாங்களாம், அவங்க வாய அடைக்கத்தான் போட்டோ கேட்டாவளாம். ‘படம் தப்பா வந்தா ஒங்கப்பாவுக்குத் தலக்குனிவாப் போயிரும் தாயி’ன்னு சொல்லி, பனிமலையில இருந்த ஒரு பட்டாளத்துக்காரர்கிட்ட வெவரம் கேட்டு வந்து, கால்ல பனமட்டையக் கட்டி மாமாதான் எங்களப் பழக்கிவிட்டாவ.”