பிடியை விடாத தாள்

யாழினி மூக்குக்கண்ணாடி போட்ட பூனை ஒன்றை வரைந்து, மேலே செல்லோடேப்பும் முதுகில் இருபக்கமும் ஒட்டும் டேப்பும் ஒட்டிக் கத்தரித்து ஸ்டிக்கர் ஆக்கினாள். முதுகு டேப்பை மூடியிருந்த மஞ்சள் தாளுக்கு உடனே வயிறு எரியத் தொடங்கியது.

"நாளைக்கு நான் தண்ணீர் பாட்டிலில் இருப்பேன். பள்ளிக்கூடமே பார்க்கும்," என்றது பூனை.

"நான் குப்பைக்கூடையில் இருப்பேன். உன் பிசுக்கை இத்தனை நேரம் தாங்கியதற்குச் சன்மானம்!"

"எல்லா ஸ்டிக்கருக்கும் அதுதானே வழக்கம், அண்ணே?"

"வழக்கமா? பார்க்கலாம்."

மறுநாள் யாழினி தாளை உரிக்க அதன் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். தாள் பல்லைக் கடித்துக்கொண்டு பூனையைப் பற்றியிருந்தது. பள்ளி வேன் ஹாரன் அடித்தது. அவள் எரிச்சலில் தாளின் மேலேயே பசையைத் தடவிப் பாட்டிலில் அழுத்தினாள்.

"ஜெயித்துவிட்டேன்!" என்று வகுப்பறையில் கூவியது தாள். "நானும் பாட்டிலுக்கு வந்துவிட்டேன். எல்லாரும் பார்க்கிறார்களா?"

"பார்க்கிறார்கள், அண்ணே."

"என்ன சொல்கிறார்கள்?"

"பூனை அழகாம்."

தாள் பூனையின் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்க முயன்றது.

"இங்கே ஒரே இருட்டு. கொஞ்சம் நகரேன், தம்பி."

"நகரலாம்தான். நீங்கள் பிடியை விட்டால்."