காலியாக விட்ட கட்டம்

மகள் சாருலதாவின் நினைவாக ஸ்வாமிநாதன் சிஞ்ச்வட்டில் நடத்தும் அறக்கட்டளையில், பெட்டி என்ற இளம்பெண் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது. பெண்ணின் படிப்புக்கு உதவி கேட்டுக் கசார்வாடியிலிருந்து வந்தவள், விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டிருந்தாள்.

"அப்பா பேர் ஷிண்டேன்னு இருக்கு. அம்மா பேரை எழுதலையே?"

"அது இல்லாம குடுக்க முடியாதா?"

"அதெப்படிங்க? நீங்கதானே அம்மா?"

"நான்தான். ஆனா எழுதினா உங்க முதலாளி கிழிச்சுப் போட்டுடுவார். வேற வழியில்லாமத்தான் வந்தேன்."

பெட்டிக்கு ஒன்றும் புரியவில்லை. பெயரில் என்ன வில்லங்கம்?

சுவரில் தொங்கிய சாருலதாவின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்த சிறுமி, தாயின் முந்தானையை இழுத்தாள்.

"அம்மா, உன் போட்டோக்கு எதுக்கு மாலை போட்டிருக்கா?"